வாயைப் பார்க்காமல் செய்த பல்

பல் செய்யும் எங்களுக்கு ஒரு சாபம் உண்டு: அது யார் வாய்க்குப் போகிறது என்று தெரியாமலே செய்கிறோம். டொக்டர் அனுப்பும் பல் அச்சும் ஒரு துண்டுக் கடதாசியும்தான் எங்களுக்கு நோயாளி. அடுத்தவர் எழுதியனுப்பும் இரண்டு சொல்லை நம்பி வேலை செய்கிற எவருக்கும் என் பாடு புரியும்.

என்ன நிறம்?

மட்டக்களப்பு நகரில் கிளினிக் வைத்திருக்கும் டொக்டரம்மா ஒருவரிடமிருந்து அச்சு வந்தது. மேல் முன்பல் ஒன்று. எலும்பில் திருகாணி பதித்து, ஆறவிட்டு, அதன்மேல் பூட்டுகிற வகை. துண்டில் ‘இயற்கையாக இருக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதியிருந்தது. எங்கள் நிற அட்டையில் பதினாறு வகை வெள்ளை இருக்கிறது. தொலைபேசியில் கேட்டேன்.

“பெரியகல்லாறு ரீச்சர் ஒராள். பல்லு போனதில இருந்து மாஸ்க்கோடதான் படிப்பிக்கிறா. பள்ளிக்கூடத் தவணை தொடங்க முதல் வேணும்” என்றார். அது சரி, நிறம் என்ன என்று மறுபடியும் கேட்டேன்.

“வெள்ளைதான் தம்பி!”

ஆடிய அச்சு

பிறகு ஒரு போட்டோ அனுப்பினார். நிறத்தை ஒருவாறு பிடித்துக்கொண்டேன். ஆனால் அச்சுக்குள், திருகாணியின் இடத்தைக் காட்டும் உலோகத் துண்டு, விரல் பட்டதும் மயிரிழையளவு ஆடியது. அச்சை மறுபடி எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். டொக்டருக்கு நான் போய்ப் பிழை சொல்வதா என்று பயந்து, சமாளித்துச் செய்து அனுப்பிவிட்டேன். இதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பல் ஒரு பக்கம் தூக்கி நின்றது. ரீச்சர் ஒரு மணித்தியாலம் வாயைத் திறந்தபடி கிடந்துவிட்டு, திரும்பவும் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாராம். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். டொக்டர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

“தெரிஞ்சுகொண்டு ஏன் தம்பி எனக்குச் சொல்லல்ல?”

கிளினிக்கில்

தவணை தொடங்க ஒன்பது நாள் இருந்தது. இரண்டாவது அச்சு எடுக்கும்போது நானும் வரட்டுமா என்று கேட்டேன். டொக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு வரச் சொன்னார். அச்சு வெளியே வந்ததும் நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். அவரும் தொட்டுப் பார்த்தார். ஆடவில்லை. ரீச்சரை ஜன்னலோரம் இருத்தி, பகல் வெளிச்சத்தில் இரண்டு பேருமாக நிறம் பார்த்தோம். பக்கத்துப் பல் சற்றே திரும்பியிருந்தது. புதுப் பல்லை நேராக வைக்கவா என்று ரீச்சரிடமே கேட்டேன்.

“வேணாம், அதப்போலயே கொஞ்சம் திருப்பி வைங்க. வகுப்புக்கு நான் நானாத்தானே போகணும்.”

தவணை தொடங்கிய நாள்

இந்த முறை பல் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனாலும் ரீச்சர் பள்ளிக்கூடம் போன அன்று எனக்குக் கையில் வேலை ஓடவில்லை. பின்நேரம் டொக்டர் தொலைபேசியில் கோல் எடுத்தார். அவராக எடுத்தது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் பல்லைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

“பல்ல ஒருத்தரும் கவனிக்கல்லயாம் தம்பி. மாஸ்க் இல்லாத முகத்தப் பாத்திட்டு, ‘ரீச்சர், உங்கட நாடியில மச்சம் இருக்கே’ எண்டுதான் கேட்டாங்களாம்.”

பல் சரியாக அமைந்தால் ஊரில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேர் நிறையவே பேசியிருக்க வேண்டும்.