கனகலிங்கம் மாஸ்டர் தனியாக நின்ற மலை

லிந்துலை கடைத்தெருவில் நான் டிவி கேம் கடை போட்டது தொண்ணூற்றொன்பதில். மூன்று டிவி. இரண்டில் கார் ஓட்டம். மூலையில் கிடந்த பழசில் மேலிருந்து கட்டை விழும், இடைவெளி விடாமல் அடுக்க வேண்டும். அந்தப் பழசுக்கு ஒரே ஆள்தான் வருவார், கனகலிங்கம் மாஸ்டர்.

தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். யாழ்ப்பாணத்துக்காரர். வடக்கில் நடந்த சண்டையில் பாதை மூடியதால் ஊருக்குப் போக வழியில்லாமல் வாடகை அறையில் இருந்தார். நாலு மணிக்கு வருவார், குடையை மடக்குவார், விளையாடுவார், போவார். அவரிடம் யாரும் பேச்சுக் கொடுத்ததில்லை. நானும்தான்.

மாதா மாதம் கெட்டிக்காரர்கள் பெயரைச் சுவர்ப் பலகையில் எழுதுவேன். ஒருமுறை யோசிக்காமல் எல்லாரையும் ஒரே வரிசையில் போட்டுவிட்டேன். மாஸ்டர் நாற்பத்தெட்டாயிரம் புள்ளி, மேலே. தேயிலை பெக்டரி அழகுமுத்து, கார் ஓட்டத்தில் பன்னிரண்டு வெற்றி, கீழே.

"என்னாண்ணே இது? கட்டை அடுக்குறவரு மேல, கார் ஓட்டுறவன் கீழயா? நாளைக்கு கேரம் போர்டையும் இதுல எழுதுவீங்களா?" என்றான் அழகுமுத்து. கடையே சிரித்தது.

மாஸ்டர் திரும்பினார். "வேற வேற விளையாட்டுத்தான். அதுக்காக ஒப்பிடேலாது எண்டில்லை, தம்பி."

கொழுந்து பறித்துவிட்டு வந்திருந்த என் மனைவி நாகலெட்சுமி குறுக்கே புகுந்தாள். "கொழுந்து நிறைஞ்ச மலைன்னா பதினெட்டு கிலோ கேப்பாங்க, கொறஞ்ச மலைன்னா பன்னெண்டு. ரெண்டும் ஒரு நாள் வேலைதானே? அது மாதிரி, சாதாரண ஆளு எடுக்கிறதுக்கு எத்தன பங்குன்னு போடுங்க."

"அச்சாக் கணக்கு!" மாஸ்டர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அழகுமுத்து விடவில்லை. "கார்ல இருவது பேரு ஆடுறோங்க்கா. சாதாரண ஆளு நாலு ஜெயிப்பான், நான் மூணு பங்கு. சார் மலையில வேற யாரு இருக்கா? ஒத்த ஆளு பறிக்கிற மலைக்கு இத்தன கிலோன்னு எந்தக் கங்காணி சொல்லுவாரு?"

மாஸ்டர் குடையை எடுத்தார். "தம்பி சொல்லுறது சரி. என்ர பேரை அழிச்சு விடுங்கோ."

அழித்தேன். புத்தி கெட்ட வேலை. அதற்குப் பிறகும் வந்தார், ஆனால் பலகைப் பக்கம் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் பாதை திறந்தது. மாஸ்டருக்கு ஊருக்கே மாற்றல் என்று கேள்விப்பட்டேன். அன்று முதல், கடையில் ஆளில்லாத காலை நேரத்தில் அந்தப் பழைய டிவி முன்னால் உட்கார்ந்தேன். பத்து நாளில் ஏழாயிரம். நாகலெட்சுமி ஐயாயிரம். அழகுமுத்துவையும் இழுத்து உட்கார வைத்தேன். திட்டிக்கொண்டே ஆறாயிரம் எடுத்தான். சாதாரண ஆளுக்கு ஆறாயிரம் என்று வைத்தோம்.

புறப்படும் அன்று மாஸ்டர் பையோடு சொல்லிக்கொள்ள வந்தார். பலகையைப் பார்த்தார். கனகலிங்கம் எட்டுப் பங்கு, அழகுமுத்து மூன்று.

"எத்தினை பேர் விளையாடினவை?"

"மூணு பேருங்க, சார்."

"கணக்குக்கு மூண்டு பேர் காணாது." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "எண்டாலும், நீங்கள் கொஞ்சம் முந்தி விளையாடியிருக்கலாம்."

ஹட்டன் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.