முனியாண்டிக்கு அடித்த படகுச் சாயம்

ஈப்போவுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்து முனியாண்டி சிலைக்குச் சாயம் அடித்த கூலியாக, கோயில் தலைவர் தேவன், சாயக்காரர் சன்னாசிக்கு அறுநூறு ரிங்கிட் தர வேண்டியிருந்தது. மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட சன்னாசி, அந்தப் பழஞ்சிலைக்குத் தெலுக் இந்தான் மீன் படகுச் சாயத்தை அடித்து, பேராக் மாநிலத்திலேயே தனக்கு நிகரில்லை என்று நிரூபித்திருந்தார்.

“புதுச் சட்டம் வருதுண்ணே. லைசென்ஸ் இல்லாம பழஞ்சிலையைத் தொட்டா காசு கிடையாதுலா,” என்றார் தேவன்.

பழஞ்சிலைகளைச் சீர்செய்ய லைசென்ஸ் உள்ள புஷ்பலதா, தேவன் அழைத்ததால், படகுச் சாயத்தைச் சுரண்ட வந்தார். சன்னாசி குறுக்கே நின்றார்.

“காசு கொடுக்காத சாயம் இன்னும் என் சொத்து. அதைச் சுரண்ட லைசென்ஸ்ல இடமிருக்காம்மா?”

“சொந்தக்காரர் சம்மதிக்காம தொடக்கூடாதுங்க. அதுவும் சட்டந்தான்,” என்றார் புஷ்பலதா.

சட்டத்தை அவ்வளவு மதிக்கும் தேவன், சன்னாசியின் விரித்த கையில் அறுநூறையும் எண்ணி வைத்தார்.