தெரிந்தே செய்தது

அக்கா வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் அவளுக்குப் பஞ்சு என்று பேர். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் திருப்பிப் போடும்போது வலிக்காமல் திருப்புவாள் என்பதால் அங்கிருந்த ஒரு கிழவி வைத்த பேர் அது. பிறகு மேட்ரன்கூட அப்படித்தான் கூப்பிட்டார். கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சிரிப்பு வரும். சின்ன வயதில் அவள் கையால் அடி வாங்கியவன் நான்.

அவளுக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. புருஷன் விட்டுவிட்டுப் போன வருஷம் அது முற்றிப்போனது. ஒரு நாள் பள்ளிக்கூடச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தாள் என்று ஏழு வயது மகளின் முன்னங்கையில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டாள். அந்தத் தழும்பு இன்னமும் இருக்கிறது. அதன் பிறகு ஒரு மாதம் அக்கா யாருடனும் பேசவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா அவளைத் தங்கள் சபைக்கு அழைத்துப் போனார். மூன்றாவது மாதம் ஞானஸ்நானம் எடுத்தாள். தொட்டியிலிருந்து எழுந்து நின்றவளின் முகத்தை நான் பார்த்தேன், நடிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதற்கடுத்த ஒன்பது வருஷமும் அவள் மகளை ஒரு அடி அடித்ததில்லை, என்னை ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் இஸ்திரிப் பெட்டிக் கதையை மறைக்காமல் சொல்வாள். ஆண்டவர் மன்னித்தார் என்று முடிப்பாள். சனம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

இல்லத்தின் இரண்டாவது மாடியில் ஆறு கட்டில்கள். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு வாத்தியார் இருந்தார். பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கையால் சிலேட்டில் கோணல் கோணலாக எழுதுவார். தண்ணீர், வெளிச்சம் வேண்டாம், மகன் வந்தானா, இவ்வளவுதான் எழுதுவார். கோபக்காரர். பிடிக்காதவர்களைக் கிள்ளுவார், முடியைப் பிடித்து இழுப்பார். அக்காவிடம் மட்டும் அடங்கியிருந்தார் என்பார்கள்.

அன்றைக்கு ஒருத்தி லீவு. காலை ஷிஃப்ட் முடிந்து போனதிலிருந்து அக்கா ஆறு கட்டிலையும் தனியாகப் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் நாலு மணிக்கு வாத்தியாருக்கு மூன்றாம் தடவையாக விரிப்பு மாற்றக் குனிந்தபோது அவர் கூந்தலைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். விடச் சொல்லிக் கெஞ்சினாள். கொஞ்ச நேரத்தில் விட்டும்விட்டார். அவர் விட்ட பிறகு அந்தக் கையை எடுத்து அவள் முறுக்கினாள். மணிக்கட்டு உடைந்தது.

நடந்ததில் அவளை அதிகம் வாட்டியது அந்த "விட்ட பிறகு"தான். என்னிடம் சொன்னபோதும் அங்கேதான் நின்றுகொண்டாள். "கை என்னைப் பிடிச்சிருந்தப்ப இல்லடா. விட்ட பிறகு. எனக்கு நல்லாத் தெரியும் அது விட்டுருச்சுன்னு. தெரிஞ்சேதான் முறுக்கினேன்."

அவர் முனகினார். வேறு யாரும் பார்க்கவில்லை. கை வீங்கியதும் மேட்ரன் வந்தார், டாக்டர் வந்தார். டியூட்டி நோட்டில் அக்கா எழுதினாள், காலையில் குளிப்பாட்டும்போது குளியலறையில் வழுக்கியதால் இருக்கலாம் என்று. இருக்கலாம் என்றுதான் எழுதினாள். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. காலையில் அவரைக் குளிப்பாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தவள் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதமே ஆன ஒரு பெண். அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே மாடிப்படி இறங்கியபோது அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாளாம்.

வாத்தியாரின் இடது கைக்கு மாவுக்கட்டு போட்டாயிற்று. எழுதக்கூடிய ஒரே கை அது.

அடுத்த ஞாயிறு சபையில் திருவிருந்து. அப்பத் தட்டு எங்கள் வரிசைக்கு வந்தபோது அக்கா எடுக்காமல் என் பக்கம் நகர்த்தினாள். உடம்பு சரியில்லை போலும் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் நகர்த்தினாள். வீட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துகொள்வாள். கழுத்தெலும்பு துருத்த ஆரம்பித்தது. நான் விடாமல் குடைந்ததில்தான் விஷயம் வெளியே வந்தது.

அவளை நானே போதகரிடம் அழைத்துப் போனேன். அவர் நல்ல மனிதர், இளகின மனசு. முழுக்கக் கேட்டுவிட்டு, மனம் வருந்துகிறவரை ஆண்டவர் தள்ளமாட்டார், இரட்சிக்கப்பட்டவர்களும் தவறி விழுவதுண்டு, எழுந்திருக்கக் கை நீட்டுவார் என்றார். வேலை போன பெண்ணிடம் போய்ச் சொல்ல வேண்டுமா என்று அக்கா கேட்டாள். அதை ஆண்டவர் உனக்குக் காட்டுவார் என்று சொல்லி ஜெபம் பண்ணி அனுப்பினார். வாசலுக்கு வந்ததும், "வலி தெரியாம இருக்க ஊசி போடுற மாதிரி போட்டு அனுப்பிட்டார்" என்றாள் அக்கா.

சபை மூப்பர் ஒருவர், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், அவரிடமும் போனாள். பேர் சொல்லாமல், ஒருத்தி இப்படிச் செய்தால் என்று கேட்டிருக்கிறாள். தெரியாத காலத்தில் செய்தது வேறு, வெளிச்சத்தைப் பார்த்த பிறகு தெரிந்தே செய்வது வேறு, அப்படிப்பட்டவர்களுக்குத் திரும்பி வர வழியில்லை என்று வேதத்திலேயே இருக்கிறது என்றாராம். பக்கத்தைப் புரட்டிக் காட்டவும் செய்தார். போதகர் சொன்னதைவிட இவர் சொன்னதுதான் அவளுக்குப் பொருத்தமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

மகளுக்கு அப்போது பதினாறு. ஜெராக்ஸ் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அம்மா எதற்கு இப்படிக் கிடக்கிறாள் என்று கேட்டபோது என்னால் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். அவள் நேராகப் போய் அம்மாவின் எதிரில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"கடவுள் மன்னிப்பாரா மன்னிக்கமாட்டாரான்னு ரெண்டு பேர்கிட்டப் போய்க் கேட்டிருக்கியாமே. என் கையைச் சுட்டப்ப என்கிட்ட ஒரு தடவையாவது கேட்டியாம்மா? ஞானஸ்நானம் எடுத்துட்டு வந்து, ஆண்டவர் மன்னிச்சிட்டாருன்னு எனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்த. நானும் வாங்கித் தின்னேன். மேடையேறி ஒவ்வொரு தடவை நீ அதைச் சொல்றப்பவும் நான் முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு மூணாவது வரிசையில உக்காந்திருப்பேன். பார்த்திருக்கியா?"

அக்கா பார்த்ததில்லை. நானும்தான். ஒன்பது வருஷமாக அந்தப் பிள்ளை ஏன் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிறாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அக்கா தரையில் இறங்கி மகளின் முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டாள். "இப்ப எனக்குச் சொல்லத் தெரியலம்மா" என்று மகள் எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் அக்கா மேட்ரனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மேட்ரனுக்கு அது பிடிக்கவில்லை. முடிந்துபோன விஷயத்தைக் கிளறாதே, இல்லத்தின் பேர் கெடும், வேண்டுமானால் நீயாக வேலையை விட்டுப் போ என்றார். அக்கா கேட்கவில்லை. வாத்தியாரின் மகன் வரும் நாளாகப் பார்த்து, கட்டிலருகில் நின்று அப்பா மகன் இரண்டு பேரிடமும் சொன்னாள். மாவுக்கட்டைப் பிரித்து அப்போது ஒரு வாரம்தான். விரல்கள் மடங்கவில்லை, சிலேட்டைக் கொடுத்தால் வயிற்றில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். அக்கா சொல்லி முடித்ததும் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மகன் போலீஸுக்குப் போனார். போகாமல் என்ன செய்வார்.

வழக்கில் அக்கா எதையும் மறுக்கவில்லை. ஆறு மாதம் கொடுத்தார்கள். அவள் உள்ளே இருந்தபோது வாத்தியார் இறந்துபோனார். நிமோனியா. கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். சிறைக்குப் பார்க்கப் போனபோது அதையும் சேர்த்தே சொன்னேன். கை உடைந்த பிறகு அவர் ஒரு தடவையாவது எழுதினாரா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

வெளியே வந்த பிறகு யாரையும் பராமரிக்கும் வேலைக்கு அவளை எடுக்கமாட்டார்கள், அவளும் கேட்கவில்லை. ஒரு சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளை மெஷினில் போட்டு எடுக்கிறாள். மகள் என் வீட்டில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு சாப்பிடப் போவாள், சாப்பிட்டதும் திரும்பிவிடுவாள்.

வேலை போன அந்தப் பெண்ணை இல்லத்தில் திரும்பக் கூப்பிட்டார்களாம், அவள் வர மறுத்துவிட்டாள். அவள் விலாசத்தைக் கண்டுபிடிக்க அக்காவுக்கு இரண்டு மாதம் ஆனது. துணைக்கு என்னையும் கூட்டிப் போனாள். வரிசை வீடுகளில் நாலாவது வீடு. அவள் கதவைத் திறக்கவில்லை, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று கேட்டாள். அக்கா சொல்ல வேண்டியதைச் சொன்னாள், மன்னிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"உங்க சாமி உங்களை மன்னிச்சிட்டாரா?" என்றாள் அவள்.

"மன்னிச்சிட்டாருன்னு நம்புறேன்" என்றாள் அக்கா.

"அப்ப அதை வச்சுக்குங்க. என்கிட்ட வராதீங்க. என் வீட்டுக்காரர் என்னைத் திருடி மாதிரி பார்த்தது உங்களுக்குத் தெரியாது" என்று ஜன்னலைச் சாத்தினாள்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தோம். சிறைக்குள் மாதம் ஒரு தடவை ஒரு போதகர் வருவாராம், அங்கே அவள் அப்பத்தை எடுத்தாள் என்று அப்போதுதான் சொன்னாள். மூப்பர் சொன்னது தப்பு என்று தெரிந்துவிட்டதா என்று கேட்டேன். அதெல்லாம் தெரியாது என்றாள்.

"முதல் தடவை எடுத்தப்ப, இனிமே நான் நல்லவள்னு நினைச்சு எடுத்தேன். இந்தத் தடவை அப்படி நினைச்சு எடுக்கல. கை நீட்ட எனக்கு வேற இடமில்ல, அதனால நீட்டினேன். மன்னிப்பு இருக்குடா. நான் அதை நம்புறேன். ஆனா அது கிடைச்சதால அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு, சொல்லு?"

கூட்டமாக ஒரு பஸ் வந்தது. அடுத்ததில் போகலாம் என்றேன். வேண்டாம், ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் என்று அக்கா முன்னால் போய்ப் படியில் ஏறினாள்.