ஐந்து கேள்விகளும் ஒரு கேரியரும்

பஸ்ஸில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு எழுதுவதுதான் என் வலைப்பதிவு. வீடு அடையாறில், வேலை தி. நகரில். பக்கத்து சீட்டில் யாராவது போனில் மாமியாரையோ மேனேஜரையோ திட்டிக்கொண்டே வருவார்கள். வீட்டுக்கு வந்ததும் பெயரை எடுத்துவிட்டு, இடத்தை மாற்றி, எழுதிப் போட்டுவிடுவேன். ஏழெட்டு வருடமாக இதுதான் வழக்கம். இது ஒட்டுக்கேட்பது இல்லையா என்று யாராவது கேட்டால் இல்லை என்பேன். பஸ் முழுக்கக் கேட்கும்படி பேசுகிறவர்களிடம் ஒட்டுக்கேட்க என்ன இருக்கிறது?

வேலை ஒரு ஜவுளிக்கடையில். வாங்கிய துணியை மாற்ற வருகிறவர்களுக்காக மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். அதுதான் என் இடம். "இன்னாம்மா இது, ஒரு தண்ணிக்கே சாயம் போய்க்கினு கீது" என்று ஆரம்பிப்பார்கள். பிடித்துப்போன புடவையைக் காட்டிவிட்டுப் போக யாரும் என்னிடம் வந்ததில்லை. கடை வாசலில் கருத்துப் பெட்டி ஒன்றும் உண்டு. திறந்தால் பஸ் டிக்கெட்டும் சாக்லெட் காகிதமும்தான் இருக்கும்.

இவ்வளவு தெரிந்தும் நான் வாசகர்களிடம் கருத்துக் கேட்கப் போனதற்குக் காரணம் அலுப்பு. தினமும் சிலர் வந்து பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கை காட்டியது. யார், எதற்கு வருகிறார்கள் என்று தெரியவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூட எப்போதோ சுட்டியைப் போட்டிருந்தேன். ஒருவரும் கட்டைவிரலைக்கூடக் காட்டவில்லை. யாருக்கும் வேண்டாம் என்றால் கடையைக் கட்டிவிடலாம் என்று தோன்றியது. அதையும் அவர்களிடமே கேட்டுவிட முடிவு செய்தேன்.

யூடியூபில் ஒருவர் இலவசமாகக் கருத்துக் கணிப்புப் படிவம் செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். முதலில் பிடித்த தளம், என் கேள்விகளுக்குக் கீழே முடி வளர்க்கும் எண்ணெய்க்கு விளம்பரம் போட்டது. அதை விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போனேன். ஐந்து கேள்விகள். வயது, எப்போது படிக்கிறீர்கள், பிடித்த பதிவு எது, தொடர்ந்து எழுதவா வேண்டாமா, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா. மின்னஞ்சலைக் கேட்கும் வசதியை அணைத்து வைத்தேன். முகம் தெரியாவிட்டால்தான் ஆட்கள் உண்மையைச் சொல்வார்கள் என்பது என் மேசை கற்றுத்தந்த பாடம். கணினியில் ஒழுங்காகத் தெரிந்த படிவம் கைப்பேசியில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. அகலம் என்ற இடத்தில் எதை எதையோ மாற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போராடினேன். வேலை செய்கிறதா என்று பார்க்க நானே ஒரு முறை நிரப்பி, 'மிகவும் அருமை' என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் முதல் பதில் வந்திருப்பதைப் பார்த்து சந்தோஷப்பட்டு, அது நான் எழுதியதுதான் என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

பிறகு நிஜமான பதில்கள் வந்தன. எழுத்தைப் பெரிதாக்குங்கள் என்றார் ஒருவர். மாமியார் கதைகளைக் குறையுங்கள் என்றார் இன்னொருவர், கூட்டுங்கள் என்றார் மற்றொருவர். பிடித்த பதிவு என்ற இடத்தில் பலர் 'கேரியர்' என்று எழுதியிருந்தார்கள். அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நாலாம் நாள் வந்த பதிலில் கடைசிக் கட்டத்தில் மட்டும் எழுத்து இருந்தது. "நீங்க எழுதின அந்த அம்மா நான்தான். என் மருமக படிச்சுட்டா. பேச்சை நிறுத்திட்டா. தயவுசெஞ்சு எடுத்துடுங்க."

பயந்துபோனேன். உடனே எடுத்துவிடலாம், ஆனால் எதை எடுப்பது? என் பதிவுகளில் பாதி ஏதோ ஒரு அம்மாவைப் பற்றியது. திருப்பிக் கேட்கலாம் என்றால் நான்தான் கெட்டிக்காரத்தனமாக மின்னஞ்சலை வாங்காமல் விட்டிருந்தேனே. வேறு வழியில்லாமல் படிவத்தின் தலைப்பிலேயே எழுதி வைத்தேன்: "பதிவை எடுக்கச் சொன்ன அம்மாவுக்கு: எந்தப் பதிவு என்று சொல்லுங்கள். எடுத்துவிடுகிறேன். மன்னிக்கவும்." கடையில் அன்று ஒருவர் இரண்டு வருடம் முன்பு வாங்கிய வேட்டியை மாற்றித் தரச் சொன்னபோதுகூட எனக்குக் கோபம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"கேரியர்னு போட்டிருக்கீங்களே, அதுதான். நான் போன்ல என் தங்கச்சிகிட்ட சொன்னதை நீங்க கேட்டிருக்கீங்க. செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டு வந்ததுகூட அப்படியே இருக்கு. பஸ்ஸு பஸ்ஸா போய் என் மானத்தை வாங்கினீங்களான்னு மருமக கேட்டா. அன்னிலேர்ந்து போனை எடுக்க மாட்டேங்கறா. ஆனா யோசிச்சா, இப்ப எடுத்தாலும் நான்தான் சொல்லி எடுக்க வெச்சேன்னு ஆயிடும். என்ன பண்றதுன்னு எனக்கே தெரியல."

என் அத்தனை பதிவுகளிலும் பஸ்ஸில் கேட்காத ஒரே பதிவு அதுதான்.

அது என் கதை. பெருங்குடியில் என் மகனும் மருமகளும் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை மூன்றடுக்கு கேரியரில் வத்தக்குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும் தயிர்சாதமும் எடுத்துக்கொண்டு, சொல்லாமல் போனேன். அவர்கள் வீட்டுக் கதவருகே போய் மணியை அழுத்தக் கையைத் தூக்கினேன். உள்ளே மருமகள், "கீழேர்ந்து போன் வந்துது. உங்கம்மா மறுபடியும் வந்துட்டாங்க" என்றாள். அந்த 'மறுபடியும்' என் காலைப் பிடித்து நிறுத்திவிட்டது. கீழே இறங்கி, கேரியரைச் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். மகன் போன் செய்து ஏன் மேலே வரவில்லை என்று கேட்டதற்கு, அவசர வேலை என்றேன். அதன்பின் கூப்பிடாமல் நான் அங்கே போவதில்லை. கேரியரும் திரும்பி வரவில்லை.

யாரிடமும் சொல்ல வாயில்லை. ஆனால் எழுதத் தெரியும். பஸ்ஸில் ஒரு அம்மா தன் தங்கையிடம் சொன்னதாக எழுதிவிட்டேன். குழம்பைக்கூட மாற்றவில்லை. ஊர் வாயைக் கேட்டு எழுதுகிறவள் என்ற பெயர் இருக்கும்போது யார் சந்தேகப்படப் போகிறார்கள்? இப்போது எங்கேயோ, என்னைப் போலவே கேரியரைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய ஒரு அம்மா, செய்யாத குற்றத்துக்கு என் பொருட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

பதிவை எடுத்துவிட்டால் எனக்கு நிம்மதி. ஆனால் அவளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவளை விடுவிக்க வேண்டுமென்றால் அது அவளில்லை, நான் என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் என் மகன் வீட்டுக்கும் தெரியும். குழுவில் சுட்டி இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. வெட்கமாக இருந்தது. அவர்கள் படிப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பதிவின் கீழே இரண்டு வரி சேர்த்தேன்.

"இது பஸ்ஸில் கேட்டது அல்ல. இதில் வரும் அம்மா நான், கேரியரும் என்னுடையது."

அடுத்த வாரம் படிவத்தில் ஒரு பதில் இருந்தது. "மருமகளுக்கு அனுப்பினேன். நேத்து போன் பண்ணா. அதைப் பத்தி ஒண்ணும் பேசல. சாம்பார் பொடி தீர்ந்துபோச்சு, அரைச்சுத் தருவீங்களான்னு கேட்டா." தொடர்ந்து எழுதவா என்ற கேள்விக்கு மட்டும் அவள் பதில் போடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு மணி அடித்தது. என் மருமகள் தனியாக வந்திருந்தாள், கையில் என் கேரியர். வாங்கினால் கனமாக இருந்தது. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். திறந்து பார்த்தேன். மூன்று அடுக்கிலும் கேசரி. அளவு தெரியாமல் கிண்டிவிட்டாள் போலிருக்கிறது.

"உட்காரும்மா" என்றேன்.

உட்காரவில்லை. "அத்தை, நான் அப்படிச் சொன்னது உண்மைதான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். அந்த வாரம் மூணாவது தடவை வந்தீங்க. எனக்கு ஒரு நாளாவது நைட்டியோட கிடக்கணும்னு இருந்துச்சு."

"தெரியும்மா" என்றேன். தெரியாது. அந்த வாரம் மூன்று முறை போனது அவள் சொல்லித்தான் நினைவுக்கு வந்தது. பதிவில் நான் அதை எழுதவே இல்லை.

"அந்தக் குழம்பை எப்படிச் சாப்பிட்டோம்னு நீங்க எழுதலையே. ரெண்டு பேரும் பேசாம சாப்பிட்டோம். கேரியரைக் கழுவி வெச்சுட்டேன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு எடுத்துட்டு வர்றது?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். படியில் இரண்டடி இறங்கியவள் திரும்பி நின்றாள்.

"அடுத்த தடவை மணியை அடிச்சிடுங்க அத்தை. உள்ளே நான் என்ன சொல்லிட்டு இருந்தாலும் அடிச்சிடுங்க."