குறை சொன்ன புரோக்கர்

என் அக்கா ரங்கநாயகியின் கணவர் அழகிரி மாமா யாரையும் லேசில் நம்பிவிட மாட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இரண்டு மருந்துக் கடைகளில் காட்டி விசாரித்த பிறகுதான் விழுங்குவார். அப்படிப்பட்டவருக்கு, திருவெறும்பூர் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற கையோடு கடல் ஆசை வந்தது. புதுச்சேரிக்குப் போய்ப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டார். படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள பழைய படகு ஒன்றை வாங்கி, அக்காவோடு கரையோரமாகவே ராமேஸ்வரம் வரை போய்வருவது திட்டம். காவிரியில் இறங்கவே பயப்படும் அக்காவும் எப்படியோ சரி என்று சொல்லிவிட்டாள். ஓய்வுப் பணம் முழுவதும் அதற்குத்தான் என்று முடிவாயிற்று.

புதுச்சேரியில் மீரான் என்ற படகு புரோக்கர் ஒரு படகைக் காட்டினார். மாமாவுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. மீரானோ தலையை ஆட்டினார்.

"இது வேணாம் சார். கவிழாம இருக்க அடியில கனமா இரும்பு தொங்குதுல்ல, அதைப் பிடிச்சிருக்கற போல்ட்டு மேல எனக்குச் சந்தேகம். வாங்கியே ஆகணும்னா தண்ணியை விட்டுத் தூக்கி, விவரம் தெரிஞ்ச ஆளை வச்சுப் பாத்துட்டு வாங்குங்க."

வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லியிருப்பார்கள். மாமாவுக்கு அங்கேதான் பொறி தட்டியது. முன்பு அவர் ஒரு வீட்டுமனை பார்த்தபோது, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் என்று சொல்லித் தடுத்த பாலக்கரை புரோக்கர், அதையே தன் மருமகன் பெயரில் வாங்கிப் போட்டான். பொருளைக் குறை சொல்கிற புரோக்கர் அதை வேறு ஆளுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறான் என்பது அன்றிலிருந்து மாமாவின் சித்தாந்தம்.

நேராக மலைக்கோட்டையில் இருக்கும் என் ஜவுளிக்கடைக்கு வந்தார்.

"மாப்ளே, வேற ஆள் மாதிரி அவனுக்குப் போன் போட்டு அந்தப் படகைக் கேளுங்க. என்ன சொல்றான்னு பாப்போம்."

கேட்டேன். மீரான் எனக்கும் அதையேதான் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

"யோக்கியமான ஆளுதான் மாமா. ஒரு வார்த்தை மாத்திச் சொல்லல."

"அதான் சொல்றேன். மனப்பாடம் பண்ணி வச்சிருக்கான். சோதிக்க வர்றவனும் அவன் ஆளாத்தான் இருப்பான்."

இதற்கு மேல் யார் வந்து என்ன சொல்ல முடியும்? மாமா படகின் சொந்தக்காரரை நேரில் பிடித்தார். புரோக்கரும் இல்லாமல், சோதனையும் இல்லாமல், நல்ல நாள் மட்டும் பார்த்துப் படகை வாங்கிவிட்டார். மீரானைக் கழற்றிவிட்ட கதையை அந்த வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அடிப்பக்கத்துக்குப் பெயிண்ட் அடிக்கக் கிரேன் வைத்துத் தூக்கியபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. இரும்புக்கும் படகுக்கும் நடுவில் விரல் நுழைந்தது. உள்ளே போல்ட்டுகள் துருப்பிடித்து இளைத்துப்போயிருந்தன. இதோடு கடலுக்குப் போனால் திரும்பி வர மாட்டீர்கள் என்றார் படகுப் பட்டறைக்காரர். சரிசெய்ய இன்னொரு படகின் விலை ஆகுமாம். பயத்தை அடக்கிக்கொண்டு தலையாட்டிய என் அக்காவைத்தான் மாமா இதில் ஏற்றிக்கொண்டு போக இருந்தார்.

விற்றுத் தொலைக்கலாம் என்று மாமாவே மீரானுக்குப் போன் போட்டார். அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நானும் அக்காவும் ஸ்பீக்கரில் கேட்டோம்.

"வித்துத் தரேன் சார். ஆனா வர்றவங்ககிட்ட அடியில இருக்கற பழுதைச் சொல்லித்தான் காட்டுவேன்."

"அதை நீங்க எதுக்குச் சொல்றீங்க? வாங்கறவன் பாத்துக்கட்டும்."

அக்கா எழுந்து வந்து போனைப் பிடுங்கினாள்.

"தம்பி, எல்லாத்தையும் சொல்லியே வித்துக் குடுங்க. விலை போகாட்டியும் பரவால்ல. இன்னொருத்தன் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு அதுல ஏறிடக் கூடாது."

மாமாவுக்குக் கண் கலங்கியிருந்தது. மனிதர் இப்போதாவது திருந்தினாரே என்று நினைத்தேன். வாசல்வரை என்னை அழைத்துக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பாத்தீங்களா மாப்ளே, உங்க அக்காவையும் மடக்கிட்டான்."