ஓரகத்தியின் நடை

மூன்றாம் தளத்து வீட்டில் ஒரே அடுப்பைப் பகிர்ந்துகொண்ட ஓரகத்திகள் இருவரும் ஒருங்கே சூலுற்றிருந்தனர். மூத்தவள் தையற்காரி, இளையவள் தபால்காரி. இருவருக்கும் ஆறாம் மாதம்.

தபால்காரியின் சீருடையை மாதந்தோறும் பிரித்து அகலப்படுத்துவது மூத்தவள் பொறுப்பு. அளவுநாடாவைச் சுற்றும்போதெல்லாம் அவளுக்கு வயிறெரிந்தது. பை சுமந்து இருபது தெரு ஏறியிறங்கியும் இளையவளின் கணுக்கால் மெலிந்தே இருந்தது. நாளெல்லாம் நாற்காலியில் அமர்ந்திருந்த தன் பாதமோ மாலையில் செருப்புக்குள் நுழைய மறுத்தது.

"அவ கால்ல சக்கரம்," என்பாள் மாமியார். "நீ உக்காந்தா அந்த எடத்துல ஒரு பெட்டிக்கடையே போட்டுடலாம்."

மூத்தவள் சிரித்துவைத்தாள். உள்ளே உலை கொதித்தது.

அவ்வாரப் பரிசோதனையில் அவளுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. உணவுக்குப் பட்டியல் தந்த செவிலி, தினமும் அரைமணி நடக்கச் சொன்னாள். இரண்டு வாரத்தில் இறங்காவிட்டால் இன்சுலின். தையற்காரி வீட்டில் வாய் திறக்கவில்லை. இளையவள் இரங்கிப் பேசுவதைக் கேட்பதினும் ஊமையாயிருத்தல் மேல்.

அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைத்தறியாதவள், தன் உடலுக்கு மட்டும் பிறத்தியாள் அளவை வைத்து வெட்டினாள். மறுநாள் தபால்காரி புறப்பட்டதும், முப்பதடி பின்னால் அதே வேகத்தில் தொடர்ந்தாள். மூன்றாம் தெருமேட்டில் மூச்சிரைத்தது. வயிறு கல்லாய் இறுகியது. மருந்துக்கடைப் படியில் சரிந்தமர்ந்தாள்.

இளையவள் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, இங்க என்ன பண்றீங்க?"

"சும்மா... காத்து... வாங்க..."

"வாங்கின காத்து எங்கக்கா? மூச்சே இல்லையே."

தண்ணீர் கொடுத்து, இறுக்கம் தளர்ந்தபின்னும் விடாமல் வண்டி பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். பிள்ளைக்குக் குறையில்லை. செவிலிதான் பொரிந்தாள்.

"இவங்க வருஷக்கணக்கா நடக்கறவங்க. நீங்க இன்னிக்குத்தான் நாற்காலிய விட்டு எழுந்திருக்கீங்க. நடக்கறப்ப பக்கத்துல வர்றவங்ககிட்ட ஒரு வரி முழுசா பேச முடியணும். பேச்சு அறுந்தா வேகம் அதிகம்னு அர்த்தம். வயிறு இறுகினா நின்னுடணும்."

வெளியே வந்ததும் இளையவள் சொன்னாள்: "சாயங்காலம் நானும் வரேன். பேச ஆள் வேணும்ல."

"அத்தைகிட்ட மூச்சு விடாதே."

"விட மாட்டேன். ஆனா நீங்க விடணும்."

அன்றுமுதல் மாலைதோறும் இருவரும் நடந்தனர். பேசுவதற்கு மூத்தவளிடம் வசவைத் தவிர வேறொன்றும் இல்லை.

"ரொம்பத்தான் அலட்டிக்காதே... உன் நடைய... பாத்தா..."

"அறுந்துடுச்சுக்கா. மெதுவா."

அந்த 'மெதுவா' வேலாய்த் தைத்தது. ஆயினும் அடி தளர்த்தினாள். ஆறாம் நாள் அதே வசவு தடையின்றி முழுமையாய் வெளிவந்தது: "ரொம்பத்தான் அலட்டிக்காதே, உன் நடையப் பாத்தா வாத்தே வெக்கப்படும்." இளையவள் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாலையில் தன் இடுப்பும் விண்விண்ணென்று வலிப்பதை அப்போதுதான் சொன்னாள். அதைக் கேட்டுத் தன் மனம் குளிர்ந்ததை எண்ணி மூத்தவள் நாணினாள். ஆனாலும் குளிர்ந்ததென்னவோ உண்மை.

இரண்டு வாரம் கழித்துச் சர்க்கரை இறங்கியிருந்தது.

செவிலி தபால்காரியைப் பார்த்துப் புன்னகைத்தாள். "நீங்கதான் இவங்கள நடக்க வெச்சீங்களா?"

தையற்காரி முந்திக்கொண்டாள்.

"இல்லம்மா. அவளுக்கு இடுப்பு வலி. நான்தான் கூட்டிட்டுப் போறேன்."