அண்ணன் கடையில் அரை நாள் லீவு

என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். கையில் இரண்டு வேலை இருந்தது. நான் சேலைக் கடைக்குப் போனேன்.

அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி மதியத்தில் கூலிம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பாடாங் செராய் வீட்டிலிருந்து காடி ஓட்டிக் கூட்டிப்போக என்னை விட்டால் நாதியில்லை. அதனால் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் நான் கேட்டது ஒன்றுதான்: அந்த மூன்று நாளும் மதியத்துக்கு மேல் என்னை விட்டுவிட வேண்டும். கையுறைத் தொழிற்சாலையில் இருந்த மலாய்க்காரப் பெண் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் மூன்று நாளும் அரை நாள் வேலை என்று தாளில் அடித்து, கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

சேலைக் கடைக்காரர் தாளெல்லாம் எடுக்கவில்லை. வழக்கப்படி முதலாளியை "தவுக்கே" என்று கூப்பிட்டேன். கையை ஆட்டித் தடுத்தார்.

"தவுக்கே கிவுக்கேன்னு கூப்பிடாதம்மா. அண்ணன்னு கூப்பிடு. உங்கம்மா எனக்கும் அம்மாதான். லீவெல்லாம் நீ கேக்கணுமா? சொல்லிட்டுப் போயிகிட்டே இரு லா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கங்கெட்ட கண்.

இதையும் எழுதி வாங்கிக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். சீறினாள். "அண்ணன்னு கூப்பிடச் சொன்ன மனுசங்கிட்டப் போயி லெட்டர் கேப்பியாடி? மானம் போயிரும்." லெட்டர் கேட்காமலே சேலைக் கடையில் சேர்ந்தேன்.

நான்கு மாதம் ஒழுங்காகத்தான் போனது. தீபாவளிக்கு முந்தின வாரம் திங்கட்கிழமை, கடையில் கால் வைக்க இடமில்லை. நான் பையைத் தூக்கியதும் அண்ணன் குறுக்கே வந்தார். "இன்னிக்கு ஒரு நாளு பாத்துக்கம்மா. கூடப் பொறந்தவன இப்படி நடுவுல விட்டுட்டா போவ?"

வேலைக்காரியிடம் கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். தங்கச்சியிடம் அல்லவா கேட்டார்! அம்மாவுக்குப் போன் போட்டேன். "அந்தத் தம்பி கேக்குதுன்னா இரு. புதன்கெழம போயிக்கலாம்" என்றாள்.

புதன்கிழமையும் அதே பேச்சு. அழுதே கேட்டேன். "அண்ணே, அம்மாவுக்குக் கால் வீங்கிக் கெடக்கு. மூச்சு வாங்குது. அரை நாளு போதும்ணே."

அவர் யாருக்கோ சேலையை விரித்துக் காட்டிக்கொண்டே, "தண்ணி கொறச்சுக் குடிக்கச் சொல்லும்மா" என்றார். நானும் போனில் அதையே அம்மாவிடம் சொன்னேன். சொன்னேனே, பாவி!

வியாழக்கிழமை விடிந்தபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தாள். நுரையீரல் முழுக்கத் தண்ணீர் என்று பிற்பாடு சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, காடியில், என் பக்கத்து சீட்டில் போய்விட்டாள்.

அண்ணன் மாலையோடு வந்தார். "எங்கம்மா போயிட்டாங்களே" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அழுதார். கண்ணீர் நிஜமாகவே வந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கிளம்பும்போது என்னைத் தனியே அழைத்துத் தலையைத் தடவினார்.

"பதினாறு நாளைக்குக் கடைப் பக்கம் வந்துராதம்மா. தீட்டு. தீபாவளி யாவாரம் கெட்டுப்போயிரும்."

அரை நாளுக்கு அழுதவளுக்குக் கேட்காமலே பதினாறு நாள் லீவு. அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும்.

"சரிங்கண்ணே" என்றேன்.